கூம்பு விழிக்கு ஒரு குட்டி லென்ஸ்!

"டாக்டரய்யா, மலை மேல எரியுற அந்த விளக்கு ஒண்ணா, அஞ்சாறா?"

பழனி அடிவாரத்தில் என் வைத்தியசாலைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பையன் கேட்ட கேள்வி இது. 1999-ம் வருடம், ஒரு மார்கழிச் சாயங்காலம். அவனுக்கு வயசு பதினாறு. கொடைக்கானலையும் தாண்டி, மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். கூட வந்திருந்த அம்மா சொன்னார்: "ரெண்டு வருஷத்துல நாலு கண்ணாடி மாத்தியாச்சுங்கய்யா. புதுசா போடுறப்போ நல்லாத்தான் இருக்குங்கிறான். ஆறு மாசத்துல மறுபடி மங்கிப் போகுது. எந்நேரமும் கண்ணைக் கசக்கிக்கிட்டே கெடக்கான்."

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து முடித்து, நான் தொழிலுக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்த சமயம். அரிப்பு, கசக்கல், மங்கல்... எல்லாம் உஷ்ணம் என்று முடிவு கட்டிவிட்டேன். உள்ளுக்குச் சூரணம், கண் கழுவத் திரிபலைக் குடிநீர், சனிக்கிழமை தோறும் எண்ணெய்க் குளியல். இப்படியே எட்டு மாதம் ஓடியது. அரிப்பு கொஞ்சம் குறைந்தது உண்மைதான். பார்வை? முன்னைவிட மோசம்! கடைசியில் அவனுடைய தாய்மாமன் பொறுமை இழந்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கண் மருத்துவர்கள் சொன்ன பெயர்தான் 'கெரட்டோகோனஸ்'. தமிழில் கூம்பு விழி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த எட்டு மாதமும் என் கணக்கில்தான் இருக்கிறது. 'சித்த வைத்தியருக்குக் கான்டாக்ட் லென்ஸோடு என்ன வேலை?' என்று கேட்கிற வாசகர்களுக்கு இதுவே பதில். அதற்குப் பிறகு இந்த நோயைப் பற்றி வலியப் போய்த் தெரிந்துகொண்டேன். மலையிலிருந்து வருகிற பிள்ளைகளில் சந்தேகப்பட்டவர்களையெல்லாம் நேராக மதுரைக்கு அனுப்பி வைத்தேன். போய் வந்தவர்கள் லென்ஸ் போடப் பட்ட பாட்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பம்பர மூக்கு!

நம் கண்ணில் கறுப்பு வட்டத்துக்கு மேலே, கடிகாரக் கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு மூடி இருக்கிறது. அதுதான் 'கார்னியா'. அகலம் சுமார் பன்னிரண்டு மில்லிமீட்டர். நடுவில் கனம் அரை மில்லிமீட்டர்தான். கவிழ்த்த கிண்ணம் போல வழவழவென்று உருண்டு இருக்க வேண்டும். கூம்பு விழிக்காரர்களுக்கு இந்த மூடி, நடுவிலோ நடுவுக்குச் சற்றுக் கீழேயோ மெலிந்து, பலம் இழந்து, மெல்ல மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. கிண்ணமாக இருந்தது பம்பரத்தின் மூக்கு மாதிரி ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வீட்டில் ஓர் எவர்சில்வர் கரண்டியின் முதுகில் உங்கள் முகத்தைப் பாருங்கள். மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தெரிகிறதல்லவா? கோணல் பரப்பு வெளிச்சத்தைப் படுத்தும் பாடு அது. கூம்பான கார்னியா வழியாக உள்ளே போகிற வெளிச்சமும் ஓர் இடத்தில் குவியாமல் நாலைந்து இடத்தில் சிதறுகிறது. நிலா ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று நான்கு தெரியும். எழுத்துக்குப் பக்கத்திலேயே அதன் நிழல் எழுத்து தெரியும். ராத்திரியில் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு வால் முளைத்து நீளும். அந்தப் பையனுக்கு மலைக்கோயில் விளக்கு அஞ்சாறாகத் தெரிந்த ரகசியம் இதுதான்.

மூக்குக் கண்ணாடி ஏன் இதைச் சரிசெய்யவில்லை? கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்று சொல்வார்களே, அது ஒழுங்கான கோணலை நேராக்கும். மேடும் பள்ளமும் தாறுமாறாக இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆரம்ப நிலையில் கண்ணாடி போதும். நாள் ஆக ஆக எந்தக் கண்ணாடியும் தெளிவு தராது.

இது பெரும்பாலும் பத்து வயசுக்கு மேல், மீசை அரும்புகிற பருவத்தில் ஆரம்பிக்கிற நோய். முப்பது, முப்பத்தைந்து வயசு வரை கூடிக்கொண்டே போகலாம். பிறகு தானாகவே அடங்கி நிற்கும். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. அலர்ஜி அரிப்புக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் கண்ணைக் கசக்குகிற பழக்கம்! விரல் முட்டியை வைத்து, சொர்க்கமே தெரிகிற மாதிரி அழுத்தித் தேய்க்கிறார்களே... ஏற்கெனவே மெலிந்த மூடியை அது இன்னும் நைந்து போக வைக்கிறது.

அபூர்வமான வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். மகாராஷ்டிராவில் நாக்பூர் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கார்னியாவின் வளைவுச் சக்தி சாதாரணமாக 43 'டயாப்டர்' சுமாருக்கு இருக்கும். 48-ஐத் தொட்டால் கூம்பு விழி என்று கணக்கு வைத்துப் பார்த்ததில், நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் தேறினார்கள்.

ஆகவே, பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் மாறினாலோ, சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனாலோ, கண்ணாடி போட்டும் கரும்பலகை தெளியவில்லை என்றாலோ, 'டி.வி. பார்த்துக் கெட்டுப் போச்சு' என்று திட்டிக்கொண்டிருக்காதீர்கள். கண் மருத்துவரிடம், "கார்னியா வளைவை அளந்து பாருங்க" என்று கேளுங்கள். அனுபவசாலிகள் 'ரெட்டினாஸ்கோப்' என்ற சின்ன விளக்கைக் கண்ணில் அடித்தே சந்தேகப்பட்டுவிடுவார்கள். உள்ளிருந்து வரும் வெளிச்சம் கத்தரிக்கோல் திறந்து மூடுகிற மாதிரி அசையும். 'டோபோகிராபி' என்ற கம்ப்யூட்டர் படம் எடுத்தால் மேடு பள்ளம் வண்ண வண்ணமாகத் தெரிந்துவிடும், நம் பழனி மலைகளின் வரைபடம் மாதிரியே!

கண்ணாடி லென்ஸும் கண்ணீர் லென்ஸும்

சரி, லென்ஸுக்கு வருவோம். இந்த நோய்க்கு ஏற்றது, கடைகளில் விற்கிற மெத்து மெத்தென்ற சாப்ட் லென்ஸ் இல்லை. ஈரத் துணியைப் பம்பரத்தின் மேல் போர்த்தினால் அதுவும் பம்பர வடிவம்தானே எடுக்கும்? சாப்ட் லென்ஸும் கூம்பின் மேல் படிந்து கூம்பாகவே ஆகிவிடும். அதனால் பெரும்பாலும் தேவைப்படுவது விறைப்பான லென்ஸ். 'ஆர்.ஜி.பி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். காற்றில் உள்ள பிராணவாயு ஊடுருவிப் போகக்கூடிய கெட்டி பிளாஸ்டிக். நம் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. பெரும்பாலும் ஒன்பது பத்து மில்லிமீட்டர்தான்.

இது எப்படி வேலை செய்கிறது? பாத்ரூம் ஜன்னலுக்குச் சொரசொரப்புக் கண்ணாடி போடுகிறோம். அதன் வழியாக வெளியே ஒன்றும் தெரியாது. சொரசொரப்புப் பக்கத்தில் தண்ணீரைத் தடவி, மேலே ஒரு வழவழப்பான கண்ணாடித் துண்டை ஒட்ட வைத்துப் பாருங்கள்... வெளியே இருப்பது தெரிய ஆரம்பிக்கும்! பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிட்டது. வெளிச்சத்துக்கு வழவழப்பான ஒரு முகம் கிடைத்துவிட்டது. கண்ணிலும் அதேதான். கெட்டி லென்ஸுக்கும் கோணல் கார்னியாவுக்கும் நடுவே நம் சொந்தக் கண்ணீர் புகுந்து மேடு பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. வெளிச்சத்தைச் சீர் செய்வதில் பாதி வேலை லென்ஸினுடையது என்றால் மீதி கண்ணீருடையது.

இந்தச் சங்கதி புரிந்த விதமே ஒரு கதை. 1888-ம் வருட வாக்கில், சுவிட்சர்லாந்தில் அடால்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர், ஊதிச் செய்த கண்ணாடிக் கிண்ணங்களைக் கண்ணின் மேல் பொருத்திப் பார்த்தார். அதே சமயத்தில் பாரிஸில் யூஜின் கால்ட் என்பவர் கூம்பு விழிக்காரர்களுக்கே கண்ணாடி லென்ஸ் வைத்தார். அவர் எண்ணம் வேறு: கூம்பை மேலே இருந்து அழுத்தி வைத்தால் தட்டையாகிவிடும்! உடைந்த எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற மாதிரி. அன்றைக்கு அது நியாயமாகத்தான் தோன்றியிருக்கும். பிறகு 1948-ல் அமெரிக்காவில் கெவின் டூஹி, கார்னியாவை மட்டும் மூடுகிற சின்ன பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். அந்த பிளாஸ்டிக்கில் காற்று புகாது. காற்று புகும் கெட்டி லென்ஸ்கள் அதற்கு முப்பது வருடம் கழித்துத்தான் வந்தன.

கால்ட் காலத்து எண்ணம் இன்னும் நம் ஜனங்களிடம் போகவில்லை. "லென்ஸ் போட்டு அமுக்கி வச்சா கூம்பு உள்ள போயிடுமாமே?" என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். போகாது! அதைவிட முக்கியம், அமுக்கவே கூடாது. தட்டையாகச் செய்த லென்ஸ் கூம்பின் நுனியில் உட்கார்ந்து இரவு பகலாக உராய்ந்தால், அந்த இடத்தில் தழும்பு விழும். பார்வைக்கு நேராக விழுகிற தழும்பு! பிறகு எந்த லென்ஸாலும் அதை மறைக்க முடியாது. அமெரிக்காவில் 1995-ல் தொடங்கி 1,209 கூம்பு விழிக்காரர்களை எட்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். லென்ஸ் போட்டவர்கள், சின்ன வயசுக்காரர்கள், கூம்பு கூர்மையாக இருந்தவர்கள், கார்னியாவின் மேல்தோல் உரசிப் போயிருந்தவர்கள்... இவர்களுக்குத்தான் புதிதாகத் தழும்பு அதிகம் விழுந்தது. 'அப்படியானால் லென்ஸே வேண்டாமே' என்று ஓடிவிடாதீர்கள். லென்ஸ் இல்லாமல் பள்ளிக்கூடமும் வேலையும் நடக்காத கண் இது. பொருத்துவதில்தான் சூட்சுமம்.

பச்சை வெளிச்சத்தில் ஒரு பரீட்சை

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றித் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி ஆரம்பித்தது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு ஒரு லட்சம் கண் ஆபரேஷனுக்கு மேல் செய்த மனிதர் அவர். (2006-ல் மறைந்தார்.) மேல்மலைக்காரர்களுக்குக் கெட்டி லென்ஸ் என்றால் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயாவிலும், ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலும் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு.

கண்ணாடிக் கடையில் பிரேம் எடுக்கிற மாதிரி ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் போகிறார்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்து மலையேறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நடக்காது. முதலில் வளைவை அளந்து, படம் எடுத்து, கனம் பார்ப்பார்கள். பிறகு பரிசோதனை லென்ஸ் பெட்டி வரும். அதில் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக மாறும் லென்ஸ்கள் வரிசையாக இருக்கும். உங்கள் அளவுக்கு நெருக்கமான ஒன்றை எடுத்துக் கண்ணில் வைப்பார்கள்.

வைத்ததும் கண்ணீர் கொட்டும். புதிதாக ஒரு பொருள் வந்தால் கண் அழத்தானே செய்யும்? அந்த அழுகையில் எதையும் சரியாகக் கணிக்க முடியாது. இருபது, முப்பது நிமிடம் வராந்தாவில் உட்காரச் சொல்வார்கள். 'என்னை மறந்தே போயிட்டாங்க' என்று கோபப்படாதீர்கள், பொருத்துகிறவர் கண் அடங்கக் காத்திருக்கிறார்.

அப்புறம்தான் முக்கியமான பரீட்சை. 'ஃப்ளோரசின்' என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த காகிதத்தைக் கண்ணின் வெள்ளைப் பக்கத்தில் லேசாகத் தொட்டு, நீல விளக்கில் பார்ப்பார்கள். கண்ணீர் தேங்கிய இடமெல்லாம் பச்சைப் பசேலென்று ஒளிரும். லென்ஸ் கார்னியாவைத் தொடுகிற இடம் கறுத்துத் தெரியும். நடுவில் பெரிய கறுப்பு வட்டம் தெரிந்தால் லென்ஸ் கூம்பின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஆகாது. நடுவில் பச்சைக் குளமும் காற்றுக் குமிழும் தெரிந்து, ஓரம் முழுக்க இறுகிக் கறுத்திருந்தால், லென்ஸ் ஆழக் கிண்ணமாகக் கவ்விக்கொண்டிருக்கிறது, அதுவும் ஆகாது. அடியில் உள்ள கண்ணீர் மாறாமல் கெட்டுப்போகும். கூம்பின் நுனியில் பூவால் தொட்ட மாதிரி ஒரு மெல்லிய தொடல், இரு பக்கமும் தள்ளி இரண்டு தொடல், ஓரத்தில் சுற்றிலும் மெல்லிய பச்சை வளையம், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் லென்ஸ் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து திரும்ப வேண்டும்... 'மூன்று இடத் தொடல்' என்று இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். எடை மூன்று இடத்தில் பங்கு போகிறது. மூன்று கல் அடுப்பில் பானை நிற்பதில்லையா, அந்த மாதிரி!

இந்தச் சித்திரம் கிடைக்கிற வரை லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் கிடைக்கலாம், ஏழிலும் கிடைக்கலாம். கிடைத்த பிறகு, அந்த லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே பவர் சோதித்து, அளவெல்லாம் எழுதி, லென்ஸ் செய்ய அனுப்புவார்கள். கண்ணில் போட்ட பிறகும் ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று திரும்ப வரச் சொல்வார்கள்.

நம் பூண்டுத் தோட்டத்துப் பையன் இங்கேதான் சறுக்கினான். லென்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். முதல் நாளே பத்து மணி நேரம் போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விட்டான். கண் சிவந்து வீங்கி, "இது நமக்கு ஆகாது" என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டான். ஒரு வருடம்! திரும்ப வரச் சொன்ன தேதிக்குப் போகவில்லை. போக வர இரண்டு நாள் கூலி போகுமே என்று வீட்டிலும் வற்புறுத்தவில்லை. அந்த ஒரு வருடத்தில் கூம்பு இன்னும் கூர்மையாகி, பழைய லென்ஸ் அளவே பொருந்தாமல் போனது. நான்தான் சண்டை போட்டு மறுபடி அனுப்பி வைத்தேன். மூன்று தடவை போய் வந்த பிறகு சரியான லென்ஸ் அமைந்தது. பழனிக்கு வந்து இறங்கியவன் நேராக என்னிடம் வந்து, "ஒண்ணுதான்ய்யா" என்றான். எனக்கு உடனே புரியவில்லை. மலைப் பக்கம் கையைக் காட்டினான்.

மலைக்காரர்களுக்குச் சில விஷயங்கள்

முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம் போதும். தினம் ஒரு மணி நேரம் போலக் கூட்டிக்கொண்டே போகலாம். மருத்துவமனையில் எழுதித் தருகிற கணக்கை மீறாதீர்கள். லேசான உறுத்தல் சில வாரத்தில் பழகிப்போகும். வலி, சிவப்பு, கூச்சம், மங்கல் இவை பழகுகிற சமாசாரம் அல்ல. லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தூங்கும்போது லென்ஸ் கண்ணில் இருக்கவே கூடாது.

கை கழுவுவது பற்றி எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மலைப்பூண்டு உரித்த கை! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் பூண்டுக்குக் காரம் ஜாஸ்தி. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாலும் விரல் இடுக்கில் நிற்கும். அந்தக் கையோடு லென்ஸைத் தொட்டால் தாண்டவம்தான். யூகலிப்டஸ் தைலம் தொட்ட கையும் அப்படியே. பூண்டுக் காலத்தில், காலையில் வேலைக்கு முன்பே லென்ஸைப் போட்டுவிட்டு, சாயங்காலம் கழற்றுகிற வேலையைச் சின்ன ரப்பர் உறிஞ்சியிடம் விட்டுவிடுங்கள். அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். "எங்க சுனைத் தண்ணி பன்னீர் மாதிரிங்க" என்பார்கள். குடிக்க நன்றாகத்தான் இருக்கும். லென்ஸுக்கு ஆகாது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஓடைத் தண்ணீர் எல்லாவற்றிலும் 'அகாந்தமீபா' என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி இருக்கலாம். லென்ஸோடு ஒட்டிக் கண்ணுக்குள் போனால் கார்னியாவைத் தின்றுவிடும். மாதக் கணக்கில் வைத்தியம் பார்த்தும் பார்வை போனவர்கள் உண்டு. லென்ஸுக்கென்று விற்கிற திரவம் மட்டும்தான். தீர்ந்துபோனால் அன்றைக்கு லென்ஸ் போடாதீர்கள். எச்சில் தொட்டுப் போடுவது மகா பாவம்! டப்பாவையும் மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றுங்கள். சண்முக நதியில் முழுக்குப் போடுவதற்கும், அருவியில் குளிப்பதற்கும் முன்னால் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய்க் குளியல் நாளிலும் குளித்து, சீயக்காய் நெடி போய், கண் தெளிந்த பிறகு போடலாம்.

பழனிக்கு வருகிறவர்கள் மொட்டை அடிக்கும்போதும் லென்ஸ் வேண்டாம். ஒரு துளி முடி உள்ளே புகுந்தால் முருகா என்று அலற வேண்டியதுதான். விபூதி பூசும்போது கண்ணை மூடிக்கொண்டு பூசுங்கள். அந்த மெல்லிய தூள் கெட்டி லென்ஸுக்கு அடியில் போய்விட்டால் மணல் போல அறுக்கும். ஜீப்பின் பின்னால் நின்றுகொண்டும் பைக்கிலும் மலைப்பாதையில் போகிறவர்கள் மூடின மாதிரியான கண்ணாடி ஒன்று மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

கெட்டி லென்ஸ் எவ்வளவு முயன்றும் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடியில் ஒரு சாப்ட் லென்ஸ் வைத்து அதன் மேல் கெட்டி லென்ஸ் வைப்பது ஒரு வழி. 'ஸ்க்ளீரல்' என்ற பெரிய லென்ஸ் இன்னொரு வழி. இது கார்னியாவைத் தொடாமல் அதன் மேல் பந்தல் மாதிரி நின்று, வெள்ளை விழியில் காலூன்றிக்கொள்ளும். உள்ளே மருந்துக் கலப்பில்லாத உப்பு நீரை நிரப்பிப் போட வேண்டும். தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் சௌகரியம். விலைதான் இடிக்கும்.

நோயை நிறுத்துவது எது?

லென்ஸ் பார்வை தரும்; கூம்பு வளர்வதை நிறுத்தாது. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'நல்லாத் தெரியுதே' என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு இன்று ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003-ல் வெளியிட்டது: 'ரிபோஃப்ளேவின்' என்ற வைட்டமின் பி2 சொட்டு மருந்தைக் கார்னியாவில் ஊற வைத்து, அளவான புற ஊதாக் கதிரைக் காட்டுகிறார்கள். கார்னியாவின் நார்களுக்கு நடுவே புதுக் கட்டுகள் விழுந்து அது இறுகிவிடுகிறது. 'க்ராஸ் லிங்கிங்' என்று பெயர். பெரும்பாலானவர்களுக்கு நோய் அங்கேயே நின்றுவிடுகிறது. போன பார்வையை இது திருப்பித் தராது. பிறகும் லென்ஸ் வேண்டியிருக்கலாம். கார்னியா மிகவும் மெலிந்துபோன பிறகு வழக்கமான முறையில் செய்ய முடியாது. அதனால்தான் பத்துப் பதினைந்து வயசிலேயே கண்டுபிடிப்பது அவ்வளவு முக்கியம். (வெயில் காட்டினால் போதுமா, வைட்டமின் மாத்திரை தின்றால் போதுமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். போதாது!)

என் பையன் வந்த 1999-ல் இந்தச் சிகிச்சையே கிடையாது. இன்றைக்கு ஒரு பதினாறு வயசுப் பிள்ளையை யாராவது எட்டு மாதம் சூரணத்தில் நிறுத்தி வைத்தால், அது அன்று நான் செய்ததைவிடப் பெரிய தப்பு.

கண்ணில் தழும்பு பெரிதாகிவிட்டாலோ, எந்த லென்ஸும் நிற்காவிட்டாலோ தானமாகக் கிடைத்த கார்னியாவை மாற்றி வைக்கிறார்கள். அதற்குப் பிறகும் பலருக்குக் கெட்டி லென்ஸ் தேவைப்படுகிறது. கண்ணாடி வேண்டாம் என்று லேசர் செய்துகொள்ளப் போகிறவர்கள் கவனிக்க: கூம்பு விழிக்கு அந்த லேசர் கூடவே கூடாது. மெலிந்ததை இன்னும் செதுக்குகிற வேலை அது.

எங்கள் மருத்துவத்தில் என்ன இருக்கிறது?

சித்த மருத்துவம் கண் நோய்களை 96 என்று வகுத்திருக்கிறது. அந்தத் தொண்ணூற்றாறில் எது கெரட்டோகோனஸ் என்று பொருத்திக் காட்டச் சிலர் மெனக்கெடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கார்னியாவின் வளைவை அளக்கும் கருவி இல்லாத காலத்தில் எழுதியவர்கள், பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள். அந்த நேர்மையே நமக்குப் போதும். மெலிந்த கார்னியாவை நிமிர்த்தும் மருந்து எங்களிடம் இல்லை. இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "சிகிச்சைக்கு முன்னாலும் பின்னாலும் எடுத்த டோபோகிராபி படம் இருக்கா?"

அரிப்புக்குப் பத்தியம், உள் மருந்து என்று நான் இன்றும் தருகிறேன், கண் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு. ஆனால் கண்ணுக்குள் எதையும் விடுவதில்லை. நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய்... லென்ஸ் போடுகிற கண்ணில் இவை எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இவற்றைவிட ஆபத்து. அரிப்பு அன்றைக்கே நிற்கும். மாதக் கணக்கில் விட்டால் கண் நீர் அழுத்தமும் புரையும் வந்து சேரும். அரிப்பெடுத்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமையின் மேல் வையுங்கள். கசக்காமல் இருக்கக் குழந்தையைப் பழக்குவதுதான் வீட்டில் செய்யக்கூடிய ஒரே பெரிய வைத்தியம். தூக்கத்தில் கசக்குகிற பிள்ளைகளையும் கவனியுங்கள். தலையணையில் முகத்தை அழுத்திக் குப்புறப் படுப்பவர்களையும்.

திடீரென்று ஒரு நாள் கண் வலித்து, கறுப்பு விழி பால் விட்ட மாதிரி வெளுத்துவிட்டால், கூம்பின் உள்தோல் கிழிந்து நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். லென்ஸைக் கழற்றிவிட்டு உடனே வண்டி பிடியுங்கள். மேல்மலையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரை வந்து சேர அரை நாள் பிடிக்கும். விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயம் இல்லை.

லென்ஸ் வாங்கும்போது அதன் வளைவு, விட்டம், பவர் மூன்றையும் தனிச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு கண்ணுக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். உரலடியில், ஓடையில், பஸ் ஜன்னலில் என்று லென்ஸ் தொலைகிற இடங்கள் ஏராளம். சீட்டு கையில் இருந்தால் வேறு ஊரிலும் அதே அளவில் செய்யச் சொல்லலாம். ஆனால் சீட்டு ஒரு வருடத்துக்கு மேல் பழசாகிவிட்டால், அதை நம்பி லென்ஸ் செய்யாமல் மறுபடி கண்ணை அளந்துவிடுங்கள்.